சக்கரவர்த்திக்கு நான் வரைந்த மூக்குக்கண்ணாடி

என் மகள் பத்திரமாக வைத்திருந்த ஒரு காமிக்ஸ் புத்தகத்தின் அட்டையில், வில்லனின் முகத்தில் நீல பால்பாயிண்ட் பேனாவால் மூக்குக்கண்ணாடி வரைந்தது நான்தான். முன்பற்கள் இரண்டைக் கறுப்பாக்கியதும் நான்தான். அப்போது எனக்கு வயது ஆறு அல்ல, நாற்பத்தெட்டு. காந்திபுரத்தில் சொந்தமாக கிரைண்டர் கடை வைத்திருக்கிறேன். ரத்தக்கொதிப்புக்குத் தினமும் காலையில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். அந்த வில்லனுக்கு மூன்று கண். அதனால் மூன்று வளையம் போடவேண்டியிருந்தது. மூன்றாவதை மற்ற இரண்டோடு எப்படி இணைப்பது என்று உட்கார்ந்து யோசித்தும் இருக்கிறேன்.

காரணம் பொறாமைதான். வேறு கௌரவமான பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அந்த வில்லன் வேற்றுக்கிரகத்துப் பேரண்டச் சக்கரவர்த்தி. முருங்கைக்கீரை நிறத்தில் தோல், நெற்றியில் சிவப்பாக எரியும் மூன்றாவது கண், தாடையில் இரண்டு கொம்பு. ஏழு கிரகங்களைப் பிடித்து எட்டாவதாக பூமிக்கு வந்திருக்கிறான். அவன் ராஜ்யத்தில் சிரிப்பதற்குத் தடை. யாராவது சிரித்தால் அப்படியே உறைய வைத்து அரண்மனை வாசலில் தூணாக நிறுத்திவிடுவான். அரண்மனை முழுக்கத் தூண்கள். ஒவ்வொரு தூணும் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருக்கும்.

இவனைப் படைத்தது என் மனைவியின் தம்பி. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் அவன் டிசைனர். பகலெல்லாம் கணபதியும் மேளமும் மாவிலைத் தோரணமும் வரைகிற கை, மிச்ச நேரத்தில் இந்த ராட்சசனை வரைந்தது. அதனால் சக்கரவர்த்தியின் அங்கியில் மாங்காய் பார்டர் இருக்கும். அவனது விண்கலத்தின் கதவு முகூர்த்தப் பத்திரிகை மாதிரி இரண்டு பக்கமும் விரியும். அட்டையில் தங்க எழுத்து. அச்சகத்தில் முதல் கட்டு வந்ததும் பத்திரிகைக்குத் தடவுகிற பழக்கத்தில் முதல் பிரதியின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டான். தடவிய பிறகுதான் இது கல்யாணம் இல்லை, பூமியின் அழிவு என்று நினைவு வந்ததாம். தடவியது தடவியதுதான் என்று, அந்தப் பிரதியைக் கொண்டுவந்து என் மகள் கையில் கொடுத்தான். தாய்மாமன் இல்லையா.

அன்றோடு என் பிழைப்பு போயிற்று.

என் பிழைப்பு என்று நான் சொல்வது கடையை அல்ல. எங்கள் சொந்தத்தில் நான்தான் வேடிக்கைப் பேச்சுக்காரன். காதுகுத்து, சீர், புதுமனைப் புகுவிழா, எதுவானாலும் பந்தியில் என் இலைக்கு இரண்டு பக்கமும் உட்கார ஆட்கள் போட்டி போடுவார்கள். கடையில் கிரைண்டர் வாங்க வருகிறவர்களிடம், "இந்தக் கல்லு தேயவே தேயாதுங்க. பாருங்க, கூடவே நின்னு நின்னு நாந்தான் தேஞ்சுபோயிட்டேன்" என்று என் தொப்பையைத் தட்டிக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். பதினெட்டு வருடமாகச் சிரிக்கிறார்கள். என் மகளும் ஏழெட்டு வயதுவரை சிரித்தாள். பத்து வயதில் புன்னகைத்தாள். பன்னிரண்டில், நான் வாயைத் திறந்தால் அவள் வாட்டர் பாட்டிலைத் திறப்பாள்.

வயசுப் பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டிருந்தேன். அப்போதுதான் இந்தப் புத்தகம் வந்தது. அன்று சாயங்காலம் அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் கட்டிலில் குப்புற விழுந்து, தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். அந்தச் சிரிப்பை நான் பார்த்து நான்கு வருடம் இருக்கும்.

"என்ன கண்ணு?"

அவளால் பேச முடியவில்லை. பக்கத்தைக் காட்டினாள். மந்திரி நடுங்கிக்கொண்டே வந்து, 'சக்கரவர்த்தி, பூமியில் மழை பெய்கிறது' என்கிறான். சக்கரவர்த்தி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்கிறான்: 'யாரைக் கேட்டு?'

அவ்வளவுதான்.

திரும்பப் படித்தேன். இதில் எங்கே ஜோக் என்று எனக்குப் புரியவில்லை. "இதுக்கா சாமி இப்படிச் சிரிக்கறே? மழைக்கே பர்மிசன் கேட்டா, நம்மூரு முனிசிபாலிட்டிக்காரன்..." என்று நான் ஆரம்பித்தேன். அவள் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் அந்த இரண்டு வார்த்தை வீட்டுக்குள் குடி வந்துவிட்டது. குக்கர் விசில் அடித்தால், "யாரைக் கேட்டு?" என்பாள் மகள். கரண்ட் போனால், "யாரைக் கேட்டு?" என்பாள் என் மனைவி. பால்காரர் ஒரு நாள் லேட்டாக வந்து, "வண்டி பஞ்சருங்க" என்றபோது இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டுவிட்டு வாசலிலேயே ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பால்காரரும் சிரித்தார். என்ன ஏதென்று தெரியாமலே சிரித்தார். பதினெட்டு வருடமாக இந்தக் குடும்பத்தில் மாங்கு மாங்கென்று ஜோக் சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்றையாவது யாராவது திருப்பிச் சொல்லியிருக்கிறார்களா? எங்கிருந்தோ வந்த ஒரு பச்சைத்தோல்காரன், அதுவும் சிரிப்பைத் தடை செய்தவன், ஒரே வாரத்தில் என் குடும்பத்தைப் பிடித்துவிட்டான். ஏழு கிரகத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

இரண்டாவது இதழ் வந்தது. மகளின் வகுப்பில் பாதிப் பேர் அதை வாங்கினார்கள். மச்சினனை ஸ்கூலுக்குக் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். அவன் வாயில்லாப்பூச்சி. பந்தியில் இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டுமென்று கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவன். அவன் மேடை ஏறி நான்கு வார்த்தை திக்கித் திக்கிச் சொன்னானாம், பிள்ளைகள் கை தட்டினார்களாம். மகள் இதை என்னிடம் சொன்னபோது நான் முருங்கைக்காயைக் கடித்துக்கொண்டிருந்தேன். சக்கையைத் துப்ப மறந்துவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், அந்த மஞ்சள் தடவிய முதல் பிரதியை எடுத்துவைத்து மேலே சொன்ன வேலையைச் செய்தேன். வரைந்து முடித்ததும் ஒரு நிமிடம் ரொம்பத் திருப்தியாக இருந்தது. அந்த மூஞ்சியில் எங்கள் தெரு எல்.ஐ.சி. ஏஜெண்டின் சாயல் வந்திருந்தது. இரண்டாவது நிமிடம் எச்சிலைத் தொட்டு அழித்துப் பார்த்தேன். பச்சை முகத்தில் நீலம் பரவி, கண்ணாடி போட்ட சக்கரவர்த்தி யாரிடமோ அடியும் வாங்கிய மாதிரி ஆயிற்று. அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை. கடை லீவு. ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் திரும்பியபோது புத்தகம் டைனிங் டேபிள் மேல் இருந்தது. மகள் ஒரு பக்கம், என் மனைவி ஒரு பக்கம்.

"இது யாருங்கப்பா வரைஞ்சது?"

"புது அட்டையாட்ட இருக்குது. உங்க மாமன் ரெண்டாவது பதிப்பு போட்டிருப்பானோ என்னமோ?" என்றேன்.

அவள் என் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். நீலம். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அந்தக் கையைக் கட்டியதில் எல்லாம் முடிந்தது.

"ஏனுங்க, மஞ்சத் தடவுன பொஸ்தகத்துல போயி கிறுக்குவாங்களா?" என்றாள் மனைவி. "சின்னப்புள்ள செய்யுமா இத? அப்புடி என்னத்துக்குங்க?"

மகள் எழுந்து உள்ளே போனாள். பிரவுன் ஷீட் எடுத்துவந்து, அட்டை தெரியாத மாதிரி புத்தகத்துக்கு உறை போட்டாள். நான்கு மூலையும் மடித்து, டேப் ஒட்டி, என் கண் முன்னாலேயே. அதன் பிறகு நான்கு நாள் என்னோடு பேசவில்லை. வேண்டியதையெல்லாம் அவள் அம்மா மூலமாகச் சொல்லி அனுப்பினாள். நான் எதிரில் நின்றுகொண்டிருப்பேன். "அம்மா, அப்பாவ டிபன் பாக்ஸ எடுத்துக்கச் சொல்லுங்க." நான் எடுத்துக்கொள்வேன். முதல் நாள் அதற்கும் ஒரு ஜோக் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது நாளிலிருந்து வெறுமனே எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாவது நாள் மச்சினன் முகம் வெளிறி வந்து நின்றான். வருகிற ஞாயிறு துடியலூரில் ஒரு சின்ன மண்டபத்தில் மூன்றாவது இதழின் வெளியீடு. சக்கரவர்த்தி வேடம் போட்டு ஓர் ஆள் சிம்மாசனத்தில் உட்காருவதாக ஏற்பாடு. அங்கி, கொம்பு, தெர்மகோல் தலை எல்லாம் தயார். உட்கார வேண்டிய நண்பனுக்கு அம்மை போட்டுவிட்டது.

"உக்காந்தா மட்டும் போதும்ங்க மச்சான். பேசற வேல இல்ல. வசனமெல்லாம் பேசி ரெக்கார்டு பண்ணிட்டேன், லேப்டாப்புல நான் போட்டு உட்ருவேன். அங்கி வேற அவன் சைசுக்குத் தெச்சது..." என்று சொல்லிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தான். பார்வை என் வயிற்றில் வந்து நின்றது. "உங்க ஒசரமும் சரியா இருக்கும்ங்க. அகலமும்."

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள். "அப்பா வேண்டாம் மாமா. அப்பா பேசிப்போடுவாரு."

டிபன் பாக்ஸ் விஷயத்தைத் தவிர, ஐந்து நாளில் என்னைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை. அதையும் என்னிடம் சொல்லவில்லை.

"பேச மாட்டேன் கண்ணு," என்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "என் கிளாஸ் முச்சூடும் வருதுங்கப்பா. மிஸ்ஸு வருவாங்க. சக்கரவர்த்தி சிரிக்க மாட்டாரு, ஜோக்கு சொல்ல மாட்டாரு. ஒரு வார்த்த பேசுனீங்கன்னாலும் எல்லாம் போயிரும்."

"ஒத்த வார்த்த பேச மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"கிரைண்டரு ஜோக்கு?"

"அதுவும் இல்ல சாமி."

ஞாயிறு வரை இருந்த மூன்று நாளும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து சும்மா இருந்து பழகினேன். உங்களுக்கு அது வேலையாகத் தெரியாது. எனக்குத் தாடை வலித்தது. வெறும் அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் என் மகள் எனக்குத் திரும்பக் கிடைப்பாள். அதற்காக நான் யாரைப் பார்த்து வயிறெரிந்தேனோ அவனாகவே உட்கார வேண்டும். என் இடத்தைப் பிடித்தவனுக்கு உடம்பை வாடகைக்கு விட்டது போல.

ஞாயிறு காலை மண்டபத்தில் நாற்பது ஐம்பது பிள்ளைகள், பெற்றோர்கள். மேடையில் சிம்மாசனம். கல்யாண ரிசப்ஷனில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிதான், சமையலறை அலுமினியத் தாளை ஒட்டி வேற்றுக்கிரகத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தெர்மகோல் தலையில் கண்கள் மூன்றும் சும்மா. பார்ப்பதற்கான ஓட்டை வாயில் இருந்தது. உலகத்தை நான் சக்கரவர்த்தியின் பற்களுக்கு நடுவிலிருந்து பார்த்தேன்.

திரை விலகியது. மூன்றாவது கண்ணில் சிவப்பு பல்ப் எரிந்தது. ஸ்பீக்கரில் மச்சினனின் குரல், எதையோ போட்டுத் தடிக்க வைத்தது, உறுமியது: "அற்ப மானிடர்களே!"

மண்டபம் அடங்கியது. முன்வரிசையில் ஒரு குழந்தை அம்மாவின் சேலைக்குள் போய்விட்டது. அத்தனை கண்களும் என் மேல். நான் செங்கோலை மெதுவாகத் தூக்கினேன், அவ்வளவுதான். ஐம்பது தலையும் அதோடு மேலே போயிற்று. இறக்கினேன். தலைகளும் இறங்கின. முப்பது வருடமாக எத்தனை பந்தியில் தொண்டை வறளப் பேசியிருக்கிறேன், இந்தக் கவனிப்பு எனக்கு ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை. தெர்மகோலுக்குள் வியர்த்துக்கொண்டே அவன் மேல் இன்னும் எரிச்சலாக வந்தது. உள்ளே இருப்பது நான். மரியாதை முழுக்க அவனுக்கு.

மூன்றாவது வரிசையில் மகள் தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வசனத்துக்கும் என்னைப் பார்த்தாள். பயந்துகொண்டு பார்த்தாள், சக்கரவர்த்திக்கு அல்ல, எனக்கு. பத்து நிமிடம் போயிற்று. இருபது. அவள் தோள் கொஞ்சம் தளர்ந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது மண்டபத்தின் வாசலில் என் மாமனார் வந்து நின்றார்.

காரமடையிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பையில் கறிவேப்பிலை. எங்கே போனாலும் தோட்டத்துக் கறிவேப்பிலை கொண்டுபோவார். மகன் பெரிதாக ஏதோ செய்கிறானாம், பார்க்கலாம் என்று வந்தவர் உட்கார இடம் தேடுகிறார். எல்லா நாற்காலியும் நிறைந்திருக்கிறது. நடுவழியில் நடந்து மேடைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார். நின்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் வந்தவரை 'வாங்க' என்று கேட்காமல் விடுவது சாதாரணத் தப்பு அல்ல. என் புதுமனைப் புகுவிழாவில் ஐயரோடு பேசிக்கொண்டிருந்ததில் மாமனாரின் பங்காளி ஒருவரை நான் கேட்கவில்லை. அவர் சாப்பிடாமல் போனார். ஆறு வருடம் ஆகிறது, இன்னும் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எந்தச் சீரில் பார்த்தாலும், "நாங்கெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரிவமுங்களா" என்கிறார். அதிலிருந்து யார் வந்தாலும் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். மாமனார் என்றால் கால்களும் சேர்ந்துகொள்ளும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் நிற்க நான் உட்கார்ந்ததில்லை.

நான் யோசித்துச் செய்யவில்லை. சக்கரவர்த்தி எழுந்துவிட்டார். செங்கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அங்கியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கையைக் கூப்பினார்.

"வாங்க மாமா, வாங்க. எப்ப வந்தீங்க? பஸ்ஸுல கூட்டமுங்களா?"

 மாமனார் மேலே பார்த்தார். மூன்று கண், இரண்டு கொம்பு, ஏழடி உயரம். அவர் முகத்தில் ஒரு அதிர்ச்சியும் தெரியவில்லை. குரல் மாப்பிள்ளையுடையது, முகம் யாருடையதாக இருந்தாலும் கேட்டால் பதில் சொல்லவேண்டும்.

"இப்பத்தானுங்க வாரேன். நீங்க உக்காருங்க."

"இல்லீங்க, நீங்க உக்காருங்க."

"அட, இருக்கட்டும்ங்க. நான் இப்பிடி ஓரமா நின்னுக்கறேன். நீங்க சோலியப் பாருங்க."

"நீங்க நின்னுட்டு நான் உக்காந்தா நல்லாவாங்க இருக்கும்?" என்று நான் இறங்கிப்போய் அவர் கையைப் பிடித்து மேடை ஏற்றி, மஞ்சள் பையை வாங்கிப் பக்கத்தில் வைத்து, சிம்மாசனத்தில் உட்காரவைத்தேன். அவர் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

அந்த நொடியில் ஸ்பீக்கர் உறுமியது.

"யாரைக் கேட்டு?"

தெரியாமல் அழுத்திவிட்டேன் என்று இன்றுவரை மச்சினன் சொல்கிறான். நான் நம்பவில்லை.

மாமனார் சுற்றிலும் பார்த்தார். குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொன்னார்.

"எங்க மாப்பள தானுங்க உக்காரச் சொன்னாரு."

மண்டபம் இடிந்துவிழுந்த மாதிரி ஒரு சிரிப்பு. பிள்ளைகள் நாற்காலியிலிருந்து சரிந்தார்கள். மிஸ் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். நான் பற்களின் வழியே என் மகளைத் தேடினேன். அவள் குனிந்து முகத்தை இரண்டு கையாலும் மூடியிருந்தாள். தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. தோழி ஒருத்தி அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அழுகிறாள் என்று நினைத்தேன். ஒத்த வார்த்தை பேசமாட்டேன் என்று சத்தியம் செய்தவன் பஸ் கூட்டத்தை விசாரித்திருக்கிறேன். மேடையின் பின்பக்கமாக இறங்கி, கை கழுவும் இடத்தில் போய் நின்றுகொண்டேன். தலையைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. குழாய்களுக்கு மேல் இருந்த கண்ணாடியில் சக்கரவர்த்தி என்னைப் பார்த்தார். சிவப்பு பல்ப் மினுக் மினுக்கென்று எரிந்தது. உள்ளே மாமனாரோடு போட்டோ எடுத்துக்கொள்ள வரிசை நிற்கும் சத்தம் கேட்டது. "அந்த கொம்பு வெச்ச மாப்பளைக்கு ஆராச்சும் காப்பி குடுத்தீங்களா?" என்று அவர் கேட்டதும் கேட்டது. வெளியீட்டு விழாவில் இப்போது மாமனாரும் என்னைவிடப் பெரிய ஆள்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் மகள் பின்னால் உட்கார்ந்தாள். மேட்டுப்பாளையம் ரோட்டில் வந்தோம். சிக்னலில் நின்றபோது நான் திரும்பாமலே சொன்னேன்.

"மன்னிச்சுக்க கண்ணு. பேசக்கூடாதுன்னுதான் இருந்தேன். தாத்தாவப் பாத்ததும் மறந்துபோச்சு. அட்டைல கிறுக்குனதுக்கும் சேத்துத்தான்."

 வண்டி ஆடியது. கண்ணாடியில் பார்த்தால், அவள் என் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறாள். தலையணையைக் கடித்துச் சிரித்த அதே சிரிப்பு.

"பஸ்ஸுல கூட்டமுங்களா," என்றாள், என் குரலிலேயே. மறுபடி முட்டினாள். சிக்னல் பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள். "உள்ள யாருடி, யாருடின்னு எல்லாரும் கேட்டாளுக. எங்கப்பான்னு சொன்னேன். ஒருத்தியும் நம்பலீங்கப்பா."

 நான்கு வருடத்துக்கு அப்புறம் என்னால் வந்த சிரிப்பு, அதுவும் என் முதுகில். கவுண்டம்பாளையம் வரை அந்த சந்தோஷத்தில் ஓட்டினேன். அங்கேதான் அவள், "சக்கரவர்த்தி இன்னிக்குச் செமங்கப்பா," என்றாள். அப்பா என்று சொல்லவில்லை. சக்கரவர்த்தி என்றாள்.

நான்காவது இதழ் வந்தது. முதல் பக்கத்திலேயே, பூமியை அழிக்க விரலைத் தூக்கிய சக்கரவர்த்தி, வேட்டி கட்டிய ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு வருவதைப் பார்க்கிறான். எழுந்துவிடுகிறான். 'வாங்க' என்கிறான். அவர் உட்கார்ந்து துண்டால் முகம் துடைக்கும்வரை அழிவு தள்ளிவைக்கப்படுகிறது. அந்தப் பக்கத்தை யார் யாரோ போனில் அனுப்பினார்கள், என் கடைக்கு வந்த ஒருவர் எனக்கே காட்டிச் சிரித்தார். எழுந்தது நான். பஸ் கூட்டம் கேட்டது நான். வியர்வை என்னுடையது. பெயர் அந்தப் பச்சைத்தோல்காரனுக்கு, அதற்கடுத்து மச்சினனுக்கு. இந்தத் தடவையும் அவன் முதல் பிரதியில் மஞ்சள் தடவிக் கொண்டுவந்து கொடுத்தான். மகள் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். தண்ணீர் பாட்டில் எடுக்கப் போகும்போதெல்லாம் அவனை நான் பார்க்கவேண்டும். வீட்டில் பேனாக்களெல்லாம் எங்கோ போய்விட்டன. என் மனைவி எடுத்து வைத்திருப்பாள்.

போன வாரம் ஒரு காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. ஃபிரிட்ஜைக் காட்டி, "கண்ணு, அது நாந்தான. அவனுக்கென்ன, கொம்பு வெச்சுட்டா சக்கரவர்த்தியா? எங்கடைல ஒரு கிரைண்டரு மேல வெல்வெட்டு போட்டு உக்கார வெச்சா அதுங்கூட..." என்று ஆரம்பித்து, கல் தேயாத கதை வரைக்கும் கொண்டுபோய், தொப்பையைத் தட்டி முடித்தேன்.

மனைவி சட்னி ஊற்றினாள். மகள் முழு இட்லியையும் மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்து, பாட்டிலை மூடினாள். கோபமாகக்கூட இல்லை, ஒரு தகவல் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"ஏனுங்கப்பா, நீங்க ஜோக்கு சொல்லாம இருந்தீங்கன்னா நல்லாச் சிரிப்பு வருதுங்க."